ஆள் கதைக்கிறார், நடக்கிறார்: அது போதுமா?



தலையில் அடிபட்டவரைச் சுற்றி ஆட்கள் கூடியதும் நம் ஊர்களில் இரண்டு கேள்விகள் எழும். "இரத்தம் வருதா?" "ஆள் கதைக்கிறாரா?" இரத்தம் வரவில்லை, ஆள் கதைக்கிறார் என்றால் கூட்டம் கலைந்துவிடும். ஒரு சோடா, ஒரு பனடோல், அதன்பின் ஒரு நித்திரை. வீரமுனை, சம்மாந்துறை, காரைதீவு, கல்முனை எங்கும் இதுதான் வழக்கம். இம்முறை ஆசிரியர் பக்கத்தை அந்த இரண்டு கேள்விகளைப் பற்றி எழுதவே எடுத்துக்கொள்கிறேன். மூளையைச் சுற்றி இரத்தம் கசியும்போது வெளியே ஒரு துளியும் தெரியாமல் இருக்கலாம். ஆளும் நன்றாகவே கதைத்துக்கொண்டிருக்கலாம்.

கிரிக்கெட் பார்க்கும் மூத்த வாசகர்களுக்கு ராமன் லம்பாவை நினைவிருக்கும். இந்திய அணிக்கு ஆடியவர், பிறகு பங்களாதேஷின் கழகப் போட்டிகளிலும் பெயர் எடுத்தவர். 1998 பெப்ரவரி 20ஆம் திகதி டாக்கா மைதானத்தில் அபஹானி கழகத்துக்காகத் துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகில் களத்தடுப்பில் நின்றார். அந்த ஓவரில் மூன்று பந்துகள்தான் மீதி. தலைக்கவசம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். அடுத்து அடிக்கப்பட்ட பந்து அவர் தலையில் பட்டு விக்கெட் காப்பாளர் வரைக்கும் தெறித்துப் போனது. லம்பா எழுந்தார், நடந்தே உடைமாற்றும் அறைக்குப் போனார். பார்த்தவர்கள் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே நிலைமை மோசமாகி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தும் பலனில்லாமல் 23ஆம் திகதி காலமானார். வயது 38.

எழுந்து நடந்த அந்தச் சிறு இடைவேளையைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மூளை மூன்று சவ்வுகளால் போர்த்தப்பட்டு, நாலாபக்கமும் மூடிய எலும்புக்குள் இருக்கிறது. அந்த எலும்புப் பெட்டி விரிந்து கொடுக்காது. காலில் இரத்தம் கட்டினால் கால் வீங்கும். மண்டைக்குள் இரத்தம் கட்டினால் வீங்க இடமில்லை, அது மூளையைத்தான் அமுக்கும். காதுக்குச் சற்று மேலே, பொட்டுப் பக்கத்தில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு வெடிக்கும்போது அந்த நாடியும் கிழிந்தால் எலும்புக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவில் இரத்தம் சேரத் தொடங்கும். ஆரம்பத்தில் சேர்வது கொஞ்சம், மூளை அதைச் சமாளித்துக்கொள்கிறது. அடிபட்டவர் கண் விழித்து, தன் பெயர் சொல்லி, தேத்தண்ணி குடித்து, "எனக்கு ஒண்டுமில்ல, நீங்க போங்க" என்றும் சொல்வார். இந்தத் தெளிவு சில நிமிடம் நீடிக்கலாம், சில மணித்தியாலமும் நீடிக்கலாம். சமாளிக்கும் எல்லை தாண்டியதும் தலையிடி கூடும், சத்தி வரும், நித்திரை தூக்கும். ஒருபக்கக் கண்மணி மற்றதைவிடப் பெரிதாகும். அதன்பிறகு கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு.

2009 மார்ச்சில் பிரித்தானிய நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். சிரித்துக்கொண்டு எழும்பினார். வந்த அம்புலன்ஸ் திரும்பிப் போனது. இரண்டு நாளில் உயிர் போய்விட்டது. இதே வகைக் கசிவுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. வசதிக்கும் வைத்தியருக்கும் குறைவில்லாத நாட்டில் நடந்தது இது. குறைந்து போனது நேரம்.

தலையில் அடிபட்ட ஒருவர் ஒரு கணமாவது நினைவிழந்திருந்தால், நடந்ததை மறந்துபோயிருந்தால், ஒரு தடவைக்கு மேல் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வடிந்தால், நேரே வைத்தியசாலைக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர், வயது 65 தாண்டியவர் என்றால் அடி சிறிதாகத் தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும். வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணித்தியாலம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நித்திரை கொள்ளவே விடக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அப்படியில்லை, நித்திரை கொள்ளலாம். வைத்தியர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பார்த்தால் சரியாக எழும்ப வேண்டும், ஆட்களை அடையாளம் சொல்ல வேண்டும், கையும் காலும் இரு பக்கமும் ஒரேமாதிரி அசைய வேண்டும். எழுப்புவது கஷ்டமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாய் திறந்து சொல்லத் தெரியாத கைக்குழந்தை என்றால் தாய்தான் கவனிக்க வேண்டும். பால் குடிக்க மறுப்பது, தேற்றினாலும் அடங்காத அழுகை, வழக்கத்துக்கு மாறான சோர்வு, உச்சிக்குழி புடைத்துக்கொண்டு நிற்பது எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். மேலே சொன்னவற்றில் எதற்கும் இவை குறைந்தவை அல்ல.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்கிறேன். வீதியோரம் கிடப்பவரிடம் மதுவாசம் வந்தால் "குடிச்சிருக்கிறான், விடு, தெளிஞ்சா எழும்புவான்" என்று விலகிப் போகிறோம். தலைக்குள் கசிவு உள்ளவரின் குழறலும் தள்ளாட்டமும் வெறியில் இருப்பவருடையதைப் போலவே இருக்கும். குடித்துவிட்டு விழுந்தவருக்குக் கசிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். அவரும் ஒரு தாயின் பிள்ளை.

இதுவரை சொன்னது மணித்தியாலக் கணக்கில் ஓடும் ஆபத்து. நம் வீடுகளில் அதிகம் தவறவிடப்படுவது வாரக்கணக்கில், சத்தமே இல்லாமல் வருகின்ற ஒன்று. அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருகிறது.

வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்குகிறது. முற்றிக் காய்ந்த தேங்காயின் பருப்பு சிரட்டையைவிட்டுக் கழன்று உள்ளே ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படித்தான். மூளைக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவில் பாலம்போல் ஓடும் சின்ன நாளங்கள் இழுபட்டு நிற்கும். சுபஹுக்கு ஒழு எடுக்கப் போன இடத்தில் வாப்பாவுக்குக் கால் வழுக்கும். கிணற்றடியில் அம்மம்மா சறுக்கி விழுவார். கதவு நிலையில் தலை இடிபடும். அந்த மெல்லிய நாளத்தில் ஒன்று அறுந்தால் இரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த கிழமையும் தெரியாது. மூன்று கிழமை, ஒரு மாதம், இரண்டு மாதம் போனபிறகு ஏதோ ஒரு மாற்றம் வரும். அதற்குள் விழுந்த கதையை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். விழுந்தவரே மறந்திருப்பார்.

2024 ஒக்டோபர் 19ஆம் திகதி பிரேசில் ஜனாதிபதி லூலா ட சில்வா குளியலறையில் விழுந்து பின்மண்டையில் அடிபட்டார். அப்போது அவருக்கு 78 வயது. தையல் போட்டார்கள், தொடர்ந்து பரிசோதித்தும் வந்தார்கள். வேலைக்குத் திரும்பிவிட்டார். டிசம்பர் 9ஆம் திகதி தலையிடி என்றார். ஸ்கான் எடுத்துப் பார்த்ததும் உடனே சாவ் பவுலோ நகருக்குக் கொண்டுபோய், 10ஆம் திகதி விடிவதற்குள் சத்திரசிகிச்சை செய்தார்கள். விழுந்ததற்கும் அதற்கும் நடுவில் ஏழு கிழமைக்கு மேல்.

தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவருக்கும் அதே ஆண்டில் இப்படி நடந்தது. கோயம்புத்தூர் ஈஷா யோக மையத்தின் ஜக்கி வாசுதேவ் நான்கு கிழமையாகக் கடுமையான தலையிடியோடு இருந்தார். அதோடேயே மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி நிகழ்வை இரவு முழுக்க நடத்தினார். டெல்லியில் ஸ்கான் எடுத்தபோது மூன்று நான்கு கிழமைப் பழைய கசிவும், அதன்மேல் புதிய கசிவும் தெரிந்தன. மார்ச் 17ஆம் திகதி நித்திரை மயக்கமும் இடது கால் பலவீனமும் சத்தியுமாக அப்பலோ வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தது. 27ஆம் திகதி வீடு திரும்பினார். தலையிடியைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்வதைப் பலர் வீரமாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு கிழமைத் தலையிடி ஒருவரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும், அவர் யாராக இருந்தாலும்.

நம் வீட்டு மூத்தவர்களுக்கு இது தலையிடியாகவே வரவேண்டும் என்றும் இல்லை. ஒரு மாதமாக நடை தடுமாறுகிறது, செருப்பு காலைவிட்டுக் கழல்கிறது, சாரம் உடுக்கத் தெரியாமல் நிற்கிறார், தொழுகையில் ரக்அத் மறக்கிறது, பேத்தியின் பெயர் மாறிப் போகிறது, பகலெல்லாம் நித்திரை. வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். வயது போயிட்டுது, சீனி இறங்கிட்டுது, பிரஷர் கூடிட்டுது, பாரிசவாதம் தட்டிட்டுது, நோன்பு பிடிச்ச களைப்பு. இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்தான். ஆனால் ஒரு முதியவர் சில கிழமைக்குள் மாறிப்போனால், "இரண்டு மாதத்துக்குள் எங்கேயாவது விழுந்தாரா?" என்று வீட்டில் எல்லோரிடமும், வேலைக்கு வரும் பிள்ளையிடமும் கேளுங்கள். கேட்டதை வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள். இதய வருத்தத்துக்கு அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் எடுப்பவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். அந்தக் குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வைத்தியரிடம் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதுமையில் வரும் மறதிகளில் பலவற்றுக்கு முழுக் குணம் கிடையாது. இந்தக் கசிவுக்குப் பெரும்பாலும் உண்டு. பழைய கசிவு உறைந்து கிடக்காமல் இளகித் திரவமாகிவிடுவதால், மண்டையோட்டில் ஒன்றிரண்டு சிறு துளையிட்டு அதை வெளியேற்றலாம். தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்துவிட்டே செய்ய முடியும். ஓரிரு நாள் ஒரு மெல்லிய குழாயையும் உள்ளே விட்டு வைப்பார்கள். அந்தக் குழாய் வைத்தால் கசிவு திரும்புவது 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைகிறது என்று 2009இல் கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வு காட்டியது. படுத்த படுக்கையான ஒருவர் சில நாளில் எழுந்து நடப்பது இந்தச் சிகிச்சையில் சாதாரணமாக நடக்கும் விடயம்.

"மண்டையைத் திறந்தா ஆள் மிஞ்சாது" என்ற பயம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. கையெழுத்துக் கேட்டால் குடும்பம் கூடிப் பேசவே அரைநாள் போய்விடும். அந்தப் பயத்துக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1962 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் அணித் தலைவர் நாரி கொன்ட்ராக்டர் பார்படோஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து பட்டு மண்டையோடு வெடித்து விழுந்தார். அந்தக் காலத்தில் தலைக்கவசமும் இல்லை, சீ.ரி. ஸ்கானும் இல்லை. அவசரமாகத் தலையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். இரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்திய அணித் தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். பிறகு தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டொக்டர் சாண்டி அவருடைய தலையில் உலோகத் தகடு பொருத்தினார். இந்தியாவில் மூளை சத்திரசிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர் ஜேக்கப் சாண்டி. கொன்ட்ராக்டர் மீண்டும் மட்டை பிடித்து முதல்தரப் போட்டிகள் ஆடினார். அந்தத் தகட்டை 2022இல்தான் வெளியே எடுத்தார்கள், அறுபது வருடம் கழித்து.

அன்றைக்கு வைத்தியர்கள் ஊகத்தில் திறந்தார்கள். இன்று ஊகம் தேவையில்லை. கோட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சீ.ரி. ஸ்கான் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. கசிவு எங்கே, எவ்வளவு, புதியதா, பழையதா என்பதை இன்றைய ஸ்கான் சில நிமிடத்தில் காட்டிவிடும்.

அடியே படாமலும் மூளையைச் சுற்றி இரத்தம் கசியலாம். மூளையின் நாடி ஒன்றில் சுவர் மெலிந்து சிறு குமிழாகப் புடைத்திருக்கும். அது உடைந்தால் மூளையின் மேற்பரப்பெங்கும் இரத்தம் பரவும். அந்தத் தலையிடியை அனுபவித்தவர்களில் பெரும்பாலானோர் ஒன்றையே சொல்கிறார்கள்: வாழ்நாளில் இப்படி ஒரு தலையிடி வந்ததில்லை. மெல்ல ஏறாது, இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். கூடவே சத்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, சிலருக்கு மயக்கம். நடிகை எமிலியா கிளார்க்குக்கு இது 2011இல் 24 வயதில் உடற்பயிற்சிக் கூடத்தில் வந்தது. முதியவர் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. சிகரெட்டும் கட்டுப்பாடில்லாத பிரஷரும் இதற்கு வழிவிடும் இரண்டு பெரிய காரணங்கள்.

இந்தத் தலையிடிக்கு பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு மணித்தியாலம்கூட வீணாக்க வேண்டாம். குமிழ் மறுபடி உடையும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டாவது உடைப்பில் பலர் தப்புவதில்லை. ஸ்கானும் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் மிகத் தெளிவாகக் காட்டும். பிந்தி வந்தால், ஸ்கானில் தெரியாவிட்டாலும் முள்ளந்தண்டுப் பகுதியில் ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பார்கள். "முதுகில ஊசி குத்தினா கால் வழங்காது" என்று பயந்து மறுப்பவர்கள் இருக்கிறார்கள். முண்ணாண் முடிந்த இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி போகிறது, பயம் வேண்டாம். கசிவு உறுதியானால் குமிழின் கழுத்தில் சிறு கவ்வி போட்டு மூடுவார்கள். 1937இல் அமெரிக்க வைத்தியர் வோல்டர் டேண்டி தொடக்கி வைத்த முறை அது. அல்லது தொடை நாடி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, குமிழுக்குள் கம்பிச் சுருளை நிரப்பி அடைப்பார்கள். பின்னால் நாடிகள் இறுகி மூளைக்கு இரத்தம் குறைவதால் வரும் பாதிப்பைத் தடுக்க நிமோடிபின் என்ற குளிசையை 21 நாள் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போக ஆசைப்பட்டு நடுவில் நிறுத்தக் கூடாத மருந்து அது.

மூளை சத்திரசிகிச்சை எல்லா வைத்தியசாலையிலும் கிடையாது. அதற்காகத் தூர இடத்துக்கு நீங்களாக வாகனம் பிடித்து ஓட வேண்டாம். சம்மாந்துறையோ கல்முனையோ அம்பாறையோ, பக்கத்திலுள்ள அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மூச்சையும் பிரஷரையும் அவர்கள் முதலில் நிலைப்படுத்துவார்கள், பிறகு தேவையான இடத்துக்குத் தாங்களே அனுப்புவார்கள். டிஸ்பென்சரி டிஸ்பென்சரியாக ஏறி இறங்குவதில்தான் நம் நேரம் போகிறது. வழியில் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், மயங்கியவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகும். கழுத்தை மடக்காமல், முதுகும் தலையும் ஒரே நேராக இருக்கும்படி பக்கவாட்டில் படுக்க வையுங்கள். எண்ணெய் வைத்து உருவுவது வேண்டாம். ஓதிப் பார்க்க விரும்புபவர்கள் வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே ஓதலாம், பிள்ளையாருக்கு நேர்வதென்றாலும் அப்படியே. இறைவன் அதைக் கேட்பான்.

இவை அடிபட்ட பிறகு செய்பவை. அடிபடாமல் காப்பதும் நம் கையில் இருக்கிறது. காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில் மாலை நேரம் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் போவோரின் தலைக்கவசம் கண்ணாடியில் தொங்கும், அல்லது தாங்கியின் மேல் கிடக்கும். முன்னால் இருத்திய பிள்ளைக்கு அதுவும் இல்லை. "கிட்டத்துக்குத்தானே" என்பார்கள். பள்ளிவாசலுக்கு, கோயிலுக்கு, ரியூசனுக்கு, கடைக்கு. லம்பாவுக்கும் மூன்று பந்துகள்தான் இருந்தன. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாக 2008இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். தாடைவாரைக் கட்டினால்தான் அந்தப் பயன்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் கோயில் பரிபாலன சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். ஒழு எடுக்கும் இடத்திலும் தீர்த்தக் கிணற்றடியிலும் வழுக்காத தரையும் பிடித்துக்கொள்ள ஒரு கைபிடியும் போடுங்கள், விடியற்காலையில் வெளிச்சமும் இருக்கட்டும். கடினபந்து ஆடும் விளையாட்டுக் கழகத்தினருக்கும் ஒரு வார்த்தை. 2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பந்து பட்டு விழுந்து, பரிசோதனையில் தேறி, திரும்ப வந்து துடுப்பெடுத்தும் ஆடினார். அடுத்த நாள் காலைதான் தலையிடியும் மந்தமும் வந்தன. அவருக்கு இரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ச்சி மட்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆட சர்வதேச விதி அந்த மாதம்தான் இடம் கொடுத்திருந்தது. உங்கள் போட்டிகளிலும் அந்த விதியை எழுதி வையுங்கள். தலையில் அடிபட்ட பையன் அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கக் கூடாது, கிண்ணம் யாருக்குப் போனாலும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைத்தால் எனக்குச் சந்தோசம். அதற்குமுன் ஒரு இலக்கத்தை வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசியிலும் பதிந்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், 1990. இரவு பகல் எந்நேரமும் வரும், கட்டணம் இல்லை.